பழைய கேம்போய்ல உருண்ட பேஸ் (அடிச் சத்தம்) எடுக்கலாமா? எட்டு மாசம் பாவிச்ச ஒருத்தன்ட ரிவ்யூ

முதல்லயே சொல்லிப்போடுறன், இது கேம் விளையாடுற ஆக்களுக்கான ரிவ்யூ இல்ல. 1989-ல வந்த நிண்டெண்டோட கையில வச்சு விளையாடுற மெசின், அந்தச் சாம்பல் கலர் செங்கல்லு கேம்போயும், அதுக்குள்ள ஓடுற எல்எஸ்டிஜே எண்ட மியூசிக் புரோகிராமும் பேஸ் விசயத்தில என்ன செய்யும், என்ன செய்யாது, அவ்வளவுதான் இஞ்ச கதை. லீட் (மெட்டு வாசிக்கிற) சத்தம், கோர்ட், டிரம் எல்லாத்தையும் பத்தி நெட்டில ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறாங்க. பேஸ் எண்டு வந்தா மட்டும் ‘வேவ் சனல்ல செய்’ எண்டு ஒரு வரியோட முடிச்சிருவாங்க. அந்த ஒரு வரிக்குள்ளதான் என்ட எட்டு மாசம் போனது.

நான் இலங்கையில, மட்டக்களப்புக் கல்லடியில இருக்கிறன். கலியாண வீடு, கோயில் திருவிழா எண்டு கூப்பிடுற இடமெல்லாம் போய் கீபோர்ட் வாசிக்கிற ஆள். எங்கட குறூப்ல பேஸ் கிற்றார் வாசிச்ச பொடியன் கட்டாருக்குப் போனதில இருந்து என்ட இடக்கைதான் பேஸ். அதால பேஸ் கரகரத்தா எனக்குப் பல்லுக் கூசும். எங்கட பக்கத்துச் சனத்துக்கும் அப்படித்தான், கூத்துக்கு மத்தளம் அடிக்கேக்க இடந்தலை சரியா இறங்காட்டி முன்னால பாயில இருக்கிற கிழவனே அண்ணாவியார நிமிந்து பாப்பார். அந்தக் காதோட கேம்போய் பேஸைக் கேட்டா முதல் தடவை சிரிப்புத்தான் வரும். ஈயத் தகரத்தில குளவி புகுந்த மாதிரி ஒரு இரைச்சல்.

தொடங்கினது 2022-ல, மணித்தியாலக்கணக்கா கரண்ட் இல்லாம கிடந்த காலத்தில. 13 மணித்தியாலம் வெட்டின நாளும் இருந்ததே, அப்ப கீபோர்ட் சும்மா பலகை. மச்சான் ஒருத்தன் கனடாவில இருந்து வரேக்க விட்டுட்டுப் போன கேம்போய் அட்வான்ஸ் எஸ்பி ஒண்டு வீட்டில கிடந்தது. அதில எல்எஸ்டிஜே போட்டு இருட்டுக்குள்ள குந்தியிருந்து படிச்சன். ஆனா எஸ்பில ஹெட்போன் குத்துற ஓட்டையே இல்ல, சார்ஜர் குத்துற இடத்தில ஒரு அடப்டர் போட்டுத்தான் கேக்க வேணும். கேட்டாலும் அடியில ‘ஸ்ஸ்ஸ்’ எண்டு ஒரு காத்துச் சத்தம் விடாம ஓடும். பேஸ் நோட் நிண்டு அடங்கிற நேரத்தில அந்தக் காத்துத்தான் மேல வரும். அட்வான்ஸ் ஓட்டுறதுக்கு நல்லம், வெளிச்சமும் இருக்கு, கையில வைக்கவும் சுகம், பேஸுக்கு எண்டா நான் பரிந்துரைக்க மாட்டன்.

மறுகா தேடித்தேடி ஒரு பழைய செங்கல்லு வாங்கினன். ஒரிஜினல் கேம்போய், நாலு டபிள் ஏ பெட்டரி போடுறது. ஏன் அதைத்தான் எண்டு கேட்டா, பிறகு வந்த கலர் கேம்போயையும் இதையும் பக்கத்தில வச்சு ஒரே பாட்ட ஓட்டிப் பாருங்க. வெளிய போற இடத்தில இருக்கிற வடிகட்டல் ரெண்டிலயும் ஒண்டில்ல, பழசு அடிச் சத்தத்தை விட்டுக் கொடுக்கும், கலர் அதைக் கொஞ்சம் சீவிப்போட்டுத்தான் விடும். கலர்ல ஸ்கிறீன் மாறுறது கெதி, புரோகிராம் வழுக்கிக்கொண்டு ஓடும், அதெல்லாம் உண்மைதான். ஆனா நெஞ்சில வந்து முட்டுறது பழசுதான்.

எனக்கு வந்த செங்கல்லு கடலோரத்தில எங்கயோ கிடந்ததா இருக்க வேணும், பெட்டரிக் கம்பியெல்லாம் பச்சை பூத்து, வொலியூம் சில்லைத் திருகினா ‘கர்ர் கர்ர்’ எண்டுது. வித்த ஆள் ‘நல்ல கண்டிசன்’ எண்டு எழுதியிருந்தவர். சரி, அவரும் பிழைக்க வேணும்தானே.

இனி கடைக்கு வாறன், ஏனெண்டா இந்த ரிவ்யூல பாதி மாக்ஸ் அவருக்குத்தான். மட்டக்களப்பு டவுணில ஒரு ஒழுங்கைக்குள்ள றேடியோ, அம்பிளிபயர் திருத்திற பாஸ் ஒருத்தர் இருக்கிறார். பேர் சொல்ல மாட்டன், விளம்பரம் எண்டா அவருக்குக் கோவம் வரும். கேம்போய்ட பின்மூடியில இருக்கிறது சாதாரண ஆணி இல்ல, மூண்டு கை உள்ள ஆணி, அதுவும் குழிக்குள்ள. பாஸ் ரெண்டு மூண்டு திருப்புளியைப் போட்டுப் பாத்தார், சரிவரல்ல. மறுகா ஒரு பழைய பேனையின்ட பின்பக்கத்தை லைட்டர்ல காட்டி உருக்கி, குழிக்குள்ள வச்சு அமத்தி, ஆறுமட்டும் அப்படியே பிடிச்சுக்கொண்டு என்னோட கதைச்சுக்கொண்டிருந்தார். ஆறினதும் அந்தப் பேனையே திருப்புளி. ஆறு ஆணியும் அதாலதான் கழண்டுது. நான் அந்தப் பேனையக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திட்டன்.

‘இதென்ன மனே, இதில பாட்டா போடப் போறாய்?’ எண்டு கேட்டார். ஓம் எண்டன். ‘ஸ்பீக்கர் இவ்வளவுதான் இரிக்கி, இதில பேஸ் எங்கால வாற?’ எண்டு பெருவிரல் நகத்தைக் காட்டினார். அதுதான் விசயமே. அந்தக் குட்டி ஸ்பீக்கர்ல அடிச் சத்தம் வரவே வராது, ஹெட்போன் ஓட்டையால எடுத்தா வரும், ஆனா அதுக்கு முன்னால உள்ளுக்க இருக்கிற சின்ன அம்பிளிபயர் தன்ட இரைச்சலையும் சேத்துக் கொஞ்சம் பேஸையும் விழுங்கிப்போடும். அதால ஆக்கள் செய்யிறது என்னெண்டா, வொலியூம் சில்லுக்கு வாற கால்ல இருந்தே, அம்பிளிபயருக்குப் போக முதலே, இடம் வலம் ரெண்டையும் தனி வயரால வெளிய எடுக்கிறது. இதுக்கு புரோசவுண்ட் மொட் (மொட் எண்டா மெசினை மாத்தித் திருத்துறது) எண்டு பேர். மூண்டு இடத்தில ஈயம் வைக்கிற வேலைதான், இடது, வலது, எர்த், அவ்வளவும்தான். பழைய மைக் வயர் ஒண்டை வெட்டி, மீட்டர் வச்சு எந்தக் கால் எதெண்டு பாத்து, அரை மணித்தியாலத்தில பாஸ் முடிச்சுத் தந்தார். பெட்டரிக் கம்பியை எலுமிச்சம்புளியும் பல்லு பிரஸும் போட்டுத் தேச்சு, மறுகா ஸ்பிரிட்டால துடைச்சு விட்டார். எல்லாத்துக்கும் 1500 ரூபா.

ஒரு பிழை நடந்தது. அவர் இடத்தையும் வலத்தையும் ஒண்டாச் சேத்து மோனோவா வச்சிட்டார், ‘உனக்கு ஒரு பாட்டுத்தானே, என்னத்துக்கு ரெண்டு வயர்’ எண்டு. வீட்ட வந்து கேட்டாப் பிறகுதான் விளங்கினது. அடுத்தநாள் கொண்டுபோனன், முணுமுணுத்துக்கொண்டு கழட்டிப் பிரிச்சுத் தந்தார், காசு வாங்கல்ல. இந்த ஸ்டீரியோ பிரிப்பு எனக்குப் பேஸ் விசயத்தில எவ்வளவு பெரிய உதவியா வந்ததெண்டு கீழ சொல்லுறன், அதால மொட் செய்விக்கிற ஆக்கள் இடம் வலம் தனித்தனியா வேணுமெண்டு வாய் திறந்து சொல்லுங்க. பின்னால லைட் போடுற ஸ்கிறீன் மாத்துற யோசனை இருந்தாலும் ஒருக்கா யோசியுங்க, அந்த லைட்டு தன்ட பங்குக்கு ஒரு ‘ஈஈஈ’ சத்தத்தைச் சேக்கும். நான் லைட் போடல்ல, பகல்ல வாசல்படியில இருந்துதான் பாட்டுப் போடுறன்.

சரி, இப்ப உண்மையான விசயம். கேம்போய்ல நாலு சனல். சனல் எண்டா ஒரு நேரத்தில ஒரு சத்தம் போடுற வழி. ரெண்டு பல்ஸ் (கட்டம் கட்டமா ஏறி இறங்கிற அலை), ஒரு வேவ் (அலையை நாங்களே கீறுறது), ஒரு நொய்ஸ் (இரைச்சல்). பல்ஸ் சனல் 64 ஹேர்ட்ஸுக்கு (செக்கனுக்கு 64 அதிர்வு) கீழ போகாது. பேஸ் கிற்றார்ட அடி ஈ நரம்பு 41 ஹேர்ட்ஸ் எண்டா நீங்களே யோசியுங்க. வேவ் சனல் 32 வரைக்கும் இறங்கும். அதால பேஸுக்கு வேவ்தான், அதில ஆருக்கும் சண்டை இல்ல.

ஆனா வேவ் சனல்ட உள்வீடு சரியான ஏழை. ஒரு சுத்துக்கு 32 பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் 16 உயரத்தில ஒண்டு. முழுசும் சேத்து 16 பைட் நினைவகம். அதாவது நீங்க என்ன வளைவு கீறினாலும் அது வளைவில்ல, படிக்கட்டு. இப்ப 55 ஹேர்ட்ஸ்ல ஒரு ஏ நோட் அடிக்கிறீங்க எண்டு வையுங்க, செக்கனுக்கு 55 தரம் 32 படி, பெருக்கினா 1760. அந்தப் படி ஏறி இறங்கிற சத்தம் 1760-க்கு அக்கம்பக்கத்தில வந்து நிக்கும், மனிசன்ட காது நல்லாக் கேக்கிற இடம். அதுதான் அந்தக் குளவி. நோட் எவ்வளவு கீழ போகுதோ குளவியும் அவ்வளவு கீழ இறங்கிக் காதுக்குள்ள வரும். ஒரு ஒக்டேவ் மேல எடுத்தா 3520-க்குப் போயிரும், கொஞ்சம் மறையும். ‘ஆழமா வேணும் ஆழமா வேணும்’ எண்டு நோட்டைக் கீழ கீழ இறக்கினவன் நான், இறக்க இறக்க கரகரப்புக் கூடினதுக்குக் காரணம் இதுதான் எண்டு விளங்கவே ரெண்டு மாசம் போயிட்டு.

நான் விட்ட பெரிய பிழை இன்னொண்டு. பேஸ் மற்றச் சத்தங்களை அமத்துது எண்டு வேவ் இன்ஸ்ட்ருமென்ட்ட வொலியூமைக் குறைச்சன். எல்எஸ்டிஜேல வேவுக்கு வொலியூம் 0-ல இருந்து 3 வரைக்கும்தான், 3 முழுசு, 2 பாதி, 1 கால். இந்தப் பாதியும் காலும் எப்படி வருது எண்டா, சிப் அந்த 16 உயரத்தையும் ஒரு பிட் தள்ளி 8 ஆக்கும், இன்னொரு பிட் தள்ளி 4 ஆக்கும். அதாவது சத்தம் குறையிறது மட்டுமில்ல, படியும் பெருசாகுது! 4 படியில உருண்ட சத்தம் எங்க இருந்து வாற? மெதுவாக்கினா மிருதுவாகும் எண்டு நினைப்பம், இதில மெதுவாக்கினா முரடாகும். அதால இப்ப என்ட சட்டம், பேஸ் எப்பவும் 3, குறைக்க வேணுமெண்டா மற்ற மூண்டையும்தான் குறைக்க வேணும். பல்ஸுக்கு 16 படி வொலியூம் இருக்கு, அங்க தாராளமா விளையாடலாம்.

எந்த வேவ் நல்லம்? முக்கோணம். யோசிச்சுப் பாத்தா சரியாப் பொருந்துது, 0-ல இருந்து 15 வரைக்கும் ஏற 16 பெட்டி, திரும்ப இறங்க 16 பெட்டி, 32 முடிஞ்சுது, ஒவ்வொரு படியும் ஒரே உயரம். சைன் வேவ் கீறினா பேர்தான் வடிவு, உச்சியில நாலஞ்சு பெட்டி ஒரே உயரத்தில தட்டையா நிக்கும், நடுவில பாய்ச்சல். காதால கேட்டா முக்கோணத்துக்கும் அதுக்கும் கனக்க வித்தியாசம் இல்ல, சைன் கொஞ்சம் மந்தமாவும் இருந்தது எனக்கு. சின்ன வயசில டிவி கேம் கசட்ல கேட்டமே அந்த ‘பூம் பூம்’ பேஸ், அதுவும் இதே 32 படி முக்கோணம்தான், நிண்டெண்டோட பழைய டிவி மெசின்ல அதுக்கெண்டே ஒரு சனல் இருந்தது, வொலியூம் கூட்டிக் குறைக்கக்கூட ஏலாது. நிண்டெண்டோக்காரன் அதை வச்சே எவ்வளவு செஞ்சிட்டான்.

ஆனா வெறும் முக்கோணத்தில ஒரு தொல்லை. ஹெட்போன்ல சோக்கா இருக்கும், 18 இஞ்சி ஸ்பீக்கர் பெட்டியில தரை அதிரும், வட்ஸ்அப்ல அனுப்பினா போன்ல பேஸே இல்லாம வெறும் டிங் டிங் மட்டும் கேக்கும். தங்கச்சிக்கு அனுப்பினன், ‘என்ன கா இது, ஐஸ் பழ வண்டியா?’ எண்டு வொயிஸ் போட்டாள். 55 ஹேர்ட்ஸை போன் ஸ்பீக்கர் தராது. அதால நோட் தொடங்கிற இடத்தில மட்டும் கொஞ்சம் பல்லு வேணும், மறுகா உருண்டு அடங்க வேணும். இதுக்குத்தான் எல்எஸ்டிஜேட சிந்த் (சத்தம் உருவாக்குற) ஸ்கிறீன். ஒரு சிந்துக்கு 16 ஃபிரேம், அதாவது ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஓடுற 16 அலை, தொடக்கம் ஒரு செட்டிங், முடிவு ஒரு செட்டிங் குடுத்தா நடுவில இருக்கிறதை அதுவே கணக்குப் போட்டு நிரப்பும். நான் சோ வேவ் (வாள் பல்லு மாதிரி அலை) எடுத்து, மேல் சத்தத்தை வெட்டுற லோ பாஸ் ஃபில்டர் போட்டு, தொடக்கத்தில கட்ஓஃபை (வெட்டுற இடத்தை) நல்லாத் திறந்து, முடிவில கிட்டத்தட்ட மூடி, பிளே மோட் ‘வன்ஸ்’ (ஒருக்கா மட்டும் ஓடுறது) எண்டு வச்சன். நோட் அடிச்சதும் ‘ட்’ எண்டு ஒரு சின்னக் கடி, பிறகு ‘ஊஊம்’. கியூ எண்டு ஒண்டு இருக்கு, வெட்டுற இடத்துச் சத்தத்தைத் தூக்கிறது, அதைக் கூட்டாதீங்க, கூட்டினா தவளை கத்தும்.

இதுக்குள்ள ஒரு கள்ளம் இருக்கு, அதைக் கண்டுபிடிச்ச அண்டைக்கு ரெண்டு பிளேன்டி கூடக் குடிச்சன். ஃபில்டரை மூட மூட வேவ்ட உயரம் சுருங்குது. வேவ் ஸ்கிறீனுக்குப் போய்ப் பாத்தா கடைசி ஃபிரேம்ல நடுவில ஒரு சின்ன மேடு மட்டும்தான் கிடக்கும், 16 படியில ஆறோ ஏழோதான் வேலை செய்யிது. திரும்பவும் அதே ஏழ்மை! அதால சிந்த் ஸ்கிறீன்ல இருக்கிற வொலியூமை முடிவுப் பக்கத்தில கூட்டிக் குடுக்க வேணும், கடைசி ஃபிரேமும் அடியில இருந்து கூரை வரைக்கும் நிரம்புமட்டும். கூரையில முட்டித் தட்டையாகாம, முட்டுற மாதிரி நிக்க வேணும். இந்த ஒரு மாத்தத்தில என்ட பேஸ் பாதி சுத்தமாயிட்டு.

மிச்சப் பாதி கேம்போய்க்கு வெளியில. இஞ்சதான் அந்த இடம் வலம் பிரிச்ச வயர். கேம்போய்ல பான் (சத்தத்தை எந்தப் பக்கம் விடுறது) எண்டா முழு இடது, முழு வலது, இல்லாட்டி நடு, இடையில ஒண்டும் இல்ல. அது பெரிய குறை எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. நான் பேஸ் இன்ஸ்ட்ருமென்ட்டை முழுக்க இடது பக்கம் தள்ளினன், பல்ஸ் ரெண்டும் நொய்ஸும் வலது பக்கம். மிக்சர்ல இடது ஒரு சனல், வலது ஒரு சனல். இடது சனல்ல ஹையையும் மிட்டையும் அடிமட்டத்துக்கு இறக்கினன், பானை நடுவுக்குக் கொண்டுவந்தன். அந்த 1760 குளவி செத்துது. வலது சனல்ல ஒண்டும் தொடல்ல, லீட் பளிச்செண்டு அப்படியே நிக்குது. ஸ்டீரியோ போயிட்டே எண்டு கேப்பீங்க, எங்கட பக்கத்துத் திருவிழாப் பெட்டியெல்லாம் மோனோதான், ஆருக்கு நட்டம்? ஒரே வயர்ல எல்லாத்தையும் எடுத்துட்டு ஈக்யூ போட்டா (ஹை, மிட்டைக் குறைச்சா) லீட்டும் சேந்து மந்தமாகும், அதுதான் கன பேர் கேம்போய் பேஸ் சரிவராது எண்டு விட்டுட்டுப் போறதுக்குக் காரணம் எண்டு நான் நினைக்கிறன்.

எல்எஸ்டிஜேல நோட்டுக்குப் பக்கத்தில ஒரு எழுத்தால கமாண்ட் (கட்டளை) போடலாம், நோட்டில இருந்து நோட்டுக்கு வழுக்கிறதுக்கு எல் கமாண்ட். புது நோட்டுக்குப் பக்கத்தில எல் போட்டு ஒரு நம்பர் குடுத்தா பழைய நோட்டில இருந்து இழுத்துக்கொண்டு போகும், புதுசா அடிக்காது. நாலு நோட்டுக்கு ஒருக்காப் போட்டாக் காணும். ஒவ்வொரு நோட்டுக்கும் போட்டன் ஆரம்பத்தில, கேட்டா வெறிகாரன் நடக்கிற மாதிரி இருந்தது. வைப்ரேட்டோ (நோட்டை நடுங்க விடுறது) வேணுமெண்டா வீ கமாண்ட், பேஸுக்கு நான் தொடுறதில்ல.

கிக் டிரம் பிரச்சினையையும் சொல்ல வேணும். நல்ல கிக்கும் வேவ் சனல்லதான் வரும், பேஸும் அங்கதான், ஒரு பாய்ல ரெண்டு பேர் படுக்கிற கதை. கிக் அடிக்கிற நேரம் பேஸ் வாய மூட வேணும். கன பேர் அப்படித்தான் செய்யிறாங்க, அது ஒரு மாதிரி மூச்சு விட்டு மூச்சு எடுக்கிற தாளமாவும் இருக்கும், மோசமில்ல. எனக்கு இழுவைப் பேஸ்தான் வேணும் எண்டதால கிக்கைப் பல்ஸ் சனலுக்குத் தள்ளி பீ கமாண்டால கெதியாக் கீழ விழுத்தி எடுக்கிறன். கிக் கொஞ்சம் மெலிவு, தகரத்தில தட்டின மாதிரி. ஏதோ ஒண்டை விடத்தான் வேணும், நான் கிக்கை விட்டன்.

கிளிக் சத்தம் இந்தச் செங்கல்லுட பிறவிக் குணம். பழைய கேம்போய்ல வேவ் ஓடிக்கொண்டிருக்கேக்க உள்ள 16 பைட்டை மாத்த விடாது, நிப்பாட்டி மாத்திட்டுத்தான் திரும்பத் தொடங்க வேணும், அந்த இடத்தில ‘டிக்’. ஃபிரேம் கெதியா மாறினா ‘டிக் டிக் டிக்’ எண்டு பொரியும். கலர்ல இந்தத் தொல்லை குறைவு. நான் செய்யிறது, 16 ஃபிரேமையும் ஓட விடாம அஞ்சாறு ஃபிரேமோட முடிக்கிறது, நோட் தொடக்கத்திலயே மாத்தமெல்லாம் முடிஞ்சிரும், பிறகு நிக்கிற நேரம் ஒரே ஃபிரேம், கிளிக்கும் இல்ல. நோட்டை நிப்பாட்டக் கே கமாண்ட் போட்டா அதுக்கும் ஒரு ‘டப்’. அதுக்குப் பதிலா டேபிள்ல (கமாண்டுகளை வரிசையா எழுதி வைக்கிற இடம்) வொலியூமை மாத்திற ஈ கமாண்டை வச்சு 3, 2, 1, 0 எண்டு இறக்கிப் பாருங்க. மேல சொன்ன மாதிரி 2-லயும் 1-லயும் படி பெருசாகும்தான், ஆனா அது கண் சிமிட்டுற நேரம், காதுக்குப் பிடிபடாது.

எல்எஸ்டிஜே எண்ட புரோகிராமைப் பத்தி ரெண்டு வரி. சுவீடன் ஆள் யோகான் கொட்லின்ஸ்கி செய்தது, 2000-ல இருந்து இண்டைக்கு வரைக்கும் திருத்திக்கொண்டேதான் இருக்கிறார், அதே ஒரு மரியாதைக்குரிய விசயம். படிக்கக் கஷ்டம். ஸ்கிறீன் நிறைய எழுத்தும் நம்பரும், நம்பரும் ஹெக்ஸ்ல (பதினாறு பதினாறா எண்ணுற முறை), 9-க்குப் பிறகு எழுத்து வரும். எக்கவுண்ட்ஸ் படிச்ச கூட்டாளி ஒருத்தன் எட்டிப் பாத்திட்டு ‘மச்சான் லெட்ஜரா எழுதுறாய்’ எண்டான். ஜேர்மன்காரர் ஒலிவர் விட்சோட நானோலூப்பும் ஓட்டிப் பாத்தன், அது புள்ளியும் கட்டமுமா லேசு, பத்து நிமிசத்தில தாளம் ஓடும், சின்னப் பிள்ளைக்கும் குடுக்கலாம். ஆனா பேஸ்ட குடலை உருவி ஒவ்வொரு பெட்டியாத் திருத்துற வேலைக்கு எல்எஸ்டிஜேதான்.

கசட் விசயத்தில நான் அடிபட்டன். ஒன்லைன்ல மலிவா ஒரு எழுதுற கசட் (நாங்களே புரோகிராம் ஏத்துற கேம் கசட்) எடுத்தன், கடைப் பேர் வேணாம். மூண்டாம் கிழமை காலம போட்டுப் பாத்தா பதினொரு பாட்டும் இல்ல, வெறும் ஸ்கிறீன். உள்ளுக்க இருந்த குட்டி பெட்டரி செத்துப்போயிட்டு, சேவ் எல்லாம் அந்த பெட்டரியிலதான் உயிரோட இருக்கிறது. அழுகை வராத குறை. பாஸிட்ட கொண்டு போனன், பழைய பெட்டரியைக் கழட்டி ஒரு சின்னத் தாங்கி வச்சுப் புதுசு போட்டுத் தந்தார், 400 ரூபா. இப்ப கிழமைக்கு ஒருக்கா சேவை லப்டொப்புக்கு எடுத்து வைக்கிறன். நீங்க வாங்கினா எல்எஸ்டிஜேக்கு 128 கிலோபைட் சேவ் இடம் வேணும் எண்டதைக் கேட்டு வாங்குங்க, எல்லாக் கசட்டிலயும் அது இல்ல.

மாக்ஸ் குடுக்கச் சொன்னா, செங்கல்லுக்குப் பேஸ் விசயத்தில பத்துக்கு எட்டு. எல்எஸ்டிஜேக்கு ஒம்பது, அந்த ஒண்டு ஹெக்ஸுக்காகக் குறைச்சது. எஸ்பிக்கு நாலு. ஒழுங்கைக்குள்ள இருக்கிற பாஸுக்குப் பத்து, மோனோ பிழைக்குக் குறைக்கல்ல, ஏனெண்டா அவர் பிழை விட்டதாலதான் பிரிச்ச வயர்ட அருமை எனக்கு விளங்கினது. காசு கணக்குப் பாத்தா, ஒரு சாதாரண சிந்த் அப் போன்ல இலவசமாவே இதைவிட உருண்ட பேஸ் தரும், அதை மறைக்க ஏலாது. பேஸ் மட்டும்தான் வேணுமெண்டா இந்தச் சீவியம் வேணாம். 16 படிக்குள்ள நிண்டு மினக்கெடுறதில ஒரு ருசி இருக்கு எண்டு நினைக்கிற விசரங்களுக்கு மட்டும்.

போன மாசம் செங்கல்லைப் பாஸ்ட கடைக்குக் கொண்டு போய், அவர் கட்டி வச்சிருக்கிற பழைய அம்பிளிபயர்ல குத்தி அந்த இழுவைப் பேஸை விட்டன். மேசையில கிடந்த ஆணியெல்லாம் டப்பிக்குள்ள அதிர்ந்துது. பாஸ் வேலையை விட்டுட்டுத் தலையைச் சரிச்சுக் கொஞ்ச நேரம் கேட்டார். ‘நல்லா உருளுது மனே. ஆனா ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால ஒரு டிக் இரிக்கி, ஈயம் விட்டுப்போச்சோ?’ எண்டார். ஈயம் இல்ல பாஸ், அது மெசின்ட குணம் எண்டன், அவர் நம்பல்ல, திறந்து காட்டச் சொன்னார். வீட்ட வந்து பேஸ் தொடங்கிற ஒவ்வொரு இடத்திலயும் நொய்ஸ் சனல்ல ஒரு குட்டி ஹைஹட் வச்சிட்டன். போன கிழமை அதே பாட்டைத் திரும்பப் போட்டுக் காட்டினன், ‘ஆ, இப்ப சரி, நான் சொன்னன்தானே’ எண்டு சிரிச்சார்.